மூணேகால் ஆட்டக்காரரு

ஏலே தம்பி, இப்படி உக்காரு. மூஞ்சி ஏன்டே தொங்கிப்போயிருக்கு? போன வாரம் 3.25-ஆ இருந்தியாம், நேத்து தோத்ததுல 3.18 ஆயிட்டியாம். அதுக்கா ராத்திரி சோறு எறங்கல? கடன்ல வயலு போயி அழுதவனப் பாத்திருக்கேன். புள்ளிக்குப் பின்னால ஏழு போச்சுன்னு அழுதவன இப்பத்தான் பாக்குதேன்.

பேடல்னா என்னன்னு எனக்கு வெளக்க வராத. துபாய்ல பேரன் வீட்டுக்கு வந்ததுல இருந்து சாயங்காலம் ஆனா எனக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு வெளிய பெஞ்சுதான். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்னால கண்ணாடி, பக்கத்துல பாதி கண்ணாடி பாதி கம்பிவலை. நடுவுல வலை, இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு. 1969-ல மெக்சிகோவுல அகாபுல்கோங்கிற கடலோர ஊருல, என்ரிக்கே கோர்குவேரான்னு ஒரு பணக்காரரு தன் வீட்டுல சுவரு வச்சுக் களம் கட்டுனாரு. 1974-ல அவரு கூட்டாளி ஒருத்தரு அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனாரு. வீட்டுக்கு வந்த விருந்தாளி பொழுதுபோக்க ஆடுன ஆட்டம்லா இது? அப்ப எவனும் எவனையும் நீ எத்தனை புள்ளின்னு கேட்டிருக்க மாட்டான்.

இப்பக் கேக்கான். மட்ரிட்ல பொறந்த ப்ளேடாமிக் செயலி ஆடுதவன் தரத்துக்கு 0-ல இருந்து 7 வரைக்கும் படி வச்சிருக்கு. உள்ள நுழையும்போது நாலு கேள்வி கேக்கும். பதில் சொல்ல வேண்டியது நீ. அங்கதான்டே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மாட்டுச் சந்தையில தரகன் வாயப் பொளந்து பல்லப் பாப்பான். மாட்டுகிட்டயே வயசு கேட்டு வெலை பேசுனவன் உண்டா? உன்கிட்டக் கேட்டா நீ என்ன சொல்லுவ? காலேஜ்ல டென்னிஸ் ஆடுனேன்ன. எத்தனை நாளுன்னு அது கேக்கல, நீயும் சொல்லல. வந்து விழுந்துச்சு மூணேகால்.

கூட்டிச் சொல்லுதவனாவது பரவால்ல, மூணாவது ஆட்டத்துல சாயம் வெளுத்துரும். கொறச்சுச் சொல்லுதவன் இருக்கான் பாரு, அவன்தான் காரியக்காரன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி கீழ் வகுப்புல பேரு குடுத்துக் கோப்பைய அள்ளிட்டுப் போவான். அர்ஜென்டினாவுல கணக்கே தலகீழு. எட்டாவதுல சேந்து ஏழு, ஆறுன்னு எறங்கி ஒண்ணாவதுக்குப் போவணும். அங்கயும் ஆறாவதுல ஆட வேண்டியவன் ஏழாவதுல ஒளிஞ்சுக்கிடுததும், அத வச்சுச் சண்டை நடக்கதும் உண்டுதான்.

ஆடி ஆடித்தான் கணக்கு நேராகும்னு சொல்லுவ. நெசந்தான். பெரியவன ஜெயிச்சா நெறயக் கூடும், சின்னவன்கிட்டத் தோத்தா நெறயக் கொறையும். இந்த யோசனைக்கு அப்பன் அர்பாத் ஈலோன்னு ஒரு பேராசிரியரு. அவரு போட்டது சதுரங்கத்துக்கு. 1970-ல உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு எடுத்துக்கிட்டுது. அங்க ஒருத்தனுக்கு ஒருத்தன். தோத்தா பழிய வேற யாருமேலயும் போட முடியாது. உங்க கூண்டுல நாலு பேருல்லா? நீ ஜெயிச்சியா, உன் பக்கத்துல நின்னவன் ஜெயிக்க வச்சானா? பெலாஸ்தெகின்னு அர்ஜென்டினாக்காரன் ஒருத்தன், தொடந்து 16 வருசம் உலகத்துல மொத ஆளா இருந்து, 2024-லதான் ஓஞ்சான். அந்த 16-ல 13 வருசம் ஹுவான் மார்ட்டின் டியாஸ்ங்கிற ஒரே கூட்டாளி. நீ திங்கக்கிழமை ஒருத்தன், புதங்கிழமை ஒருத்தன்னு மாத்திட்டு, எவனும் எனக்கு ஒத்துவரலன்னு சொல்லுத.

இதுல இன்னொரு கூத்து. நட்பு ஆட்டம்னு குறிச்சு வச்சா புள்ளி கூடாது, கொறையாது. தோத்துருவோம்னு தோணுத அன்னைக்கெல்லாம் உங்க கூட்டத்துக்கு நட்பு பொங்கிக்கிட்டு வருது!

சரி, பின்ன எப்படித்தான் தரம் பாக்க? நான் பெஞ்சுல இருந்து பாக்குதத சொல்லுதேன். மொதல்ல கண்ணாடி. பந்து ஒருத்தனத் தாண்டிப்போயி, தரையில குத்தி, பின்கண்ணாடிக்குப் போகும்லா? அப்பப் பந்தப் பாக்காத, ஆளப் பாரு. புதுசா வந்தவன் பதறுவான். கண்ணாடியத் தொடுததுக்குள்ள மடக்கிரணும்னு மட்டையச் சுழட்டிக்கிட்டு ஓடுவான். டென்னிஸ்ல இருந்து வந்தவனுக்கு இந்தப் பதட்டம் ரொம்ப சாஸ்தி. அங்கன பின்னால போன பந்து போனதுதான? பழகுனவன் விட்டுருவான். போயிட்டு வரட்டும்னு வழிவிட்டு, ரெண்டு எட்டு நகந்து, திரும்பி வாரப்ப முட்டிய மடக்கிப் பைய எடுப்பான். மூலையில பட்டு ரெண்டு கண்ணாடி சுத்தி வாரதையும் அதே நிதானத்துல எடுத்தான்னா, அவன் புள்ளி என்னன்னு நீ கேக்கவே வேண்டாம்.

அடுத்து, தலைக்கு மேல வார பந்து. உங்காளு ஒருத்தன் இருக்கான்லா, கறுப்புக் கண்ணாடி, முண்டா பனியன். எந்தப் பந்து ஒசந்தாலும் அறைதான். சத்தம் என்ன, குதி என்ன! அறைஞ்ச பந்து எங்க போகுது? எதிராளிக்குப் பின்னால கண்ணாடியில மோதி, அவன் கைக்கே பதமாத் திரும்பி வருது. இவன் இன்னும் தோரணையில நிக்கான். பெரிய ஆட்டக்காரங்க அடிச்சா நாலு மீட்டர் பின்சுவரத் தாண்டிக் கூண்டுக்கு வெளிய போயிரும், அவங்க அடிக்கட்டும். நமக்கு ஸ்பெயின்காரன் பாந்தேஹான்னு ஒண்ணு வச்சிருக்கான். அறையாம, லேசாச் சீவி, தாழ்வா மூலைக்கு அனுப்பிட்டு வலைகிட்டயே எடத்தப் புடிச்சுக்கிடுதது. கைதட்டு விழாது. ஆனா வலை யாரு கையில இருக்கோ, ஆட்டம் அவங்க பக்கந்தான் சாயும்.

அந்த எடத்தப் புடுங்கணும்னா லாப் போடணும். இங்க ஒரு அக்கா வரும், அம்பது இருக்கும். அறைஞ்சு நான் பாத்ததில்ல. எது வந்தாலும் ஒசத்தி ஒரு லாப், ஆழமா, மூலைக்கு. வலைகிட்ட நின்னவன் பின்னால ஓடணும். அவன் ஓடுத நேரத்துல அக்கா நடந்து வந்து வலைய எடுத்துக்கிடும். "என்னங்க, அடிச்சே ஆட மாட்டீங்களா?"ன்னு உங்க பனியன்காரன் நக்கலாக் கேட்டான். 6-1, 6-2. அக்காவுக்கு வேர்க்கக்கூட இல்ல.

முன்னயும் இல்லாம பின்னயும் இல்லாம நடுக்களத்துல நிக்கானா? காலடியில பந்து வந்துகிட்டேதான் இருக்கும். அதுக்கு மேல அவன்கிட்டப் பாக்க ஒண்ணுமில்ல.

தோத்தப்புறம் பேச்சயும் கேளு. வெளக்கு கண்ணக் கூசுது, தரையில மணல் சாஸ்தி, பந்து பழசு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க கூடத்துக்குக் கண்ணாடியும் மாட்டிக் குடுத்துட்டாங்க, கொறை சொல்ல எடம் கூடிப்போச்சு.

மட்டையப் பத்தி நானே கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். 300 யூரோவுக்கு மேலயாம்லா? வைரம் மாதிரி கூர்வச்சது, அடிக்க வேகம் குடுக்குமாம். நடுவுல படாட்டா கைய ஒடிக்கும்னு கடைக்காரன் சொன்னானா? புதுசா ஆடுதவனுக்கு உருண்டைத் தலை மட்டைதான்டே நல்லது. அது வெலையும் கம்மி, அதான் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்.

எனக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். உன்னவிட நல்லா ஆடுதவங்க, ஒரு ஆட்டம் ஆடுனப்புறம், மறுவாரம் ஆள் கொறையும்போது உன்னக் கூப்பிடுதாங்களா? செயலி அறிவிப்ப விடு. மனுசன் போன் போட்டுக் கூப்பிடுதானான்னு கேக்குதேன். உன்ன எத்தனை பேரு கூப்பிட்டாங்க? என்னடே, பேச்சயே காணும்?

வியாழக்கிழமை அந்த அக்கா கோஷ்டிக்கு ஒரு ஆள் கொறையுதாம், பேரன் சொன்னான். நான் சொன்னேன்னு போயிக் கேளு. அதுக்குள்ள நாலு லாப் பழகிக்கோ. மட்டைய இங்கயே வச்சிட்டுப் போ, அங்க வாடகைக்குக் கெடைக்கும். இந்தக் கூரு எனக்கு முதுகு சொறிய ஆகும்.