'கெட் அவுட்' சார்

கலை அறிவியல் கல்லூரி உள்ள ஊரிலெல்லாம் இவர் ஒருவர் இருப்பார். கால அட்டவணையில் பொருளாதாரம் என்று போட்டிருக்கும். அவர் நடத்துவது ஒழுங்கு நடவடிக்கை.

நுழைந்ததும் வகுப்பு எழுந்து "குட்மாஆஆர்னிங் சாஆஆர்" என்று இழுக்கும். அது மரியாதையில்லை என்று அவருக்கும் தெரியும். அறுபது பேர்மேல் என்ன வழக்குப் போடுவது? முறைத்தபடி அட்டெண்டன்ஸை முடித்து, கரும்பலகையில் தேவைக்கோட்டைப் பாதி இழுத்திருப்பார். கடைசி பெஞ்சில் மயில் அகவும்.

"யார்ரா அது? நான் திரும்பறதுக்குள்ள எந்திரிக்கணும்!"

திரும்பிப் பார்ப்பார். எல்லா முகமும் நோட்டுக்குள் இருக்கும்.

"அந்த பெஞ்ச் மொத்தமும் கெட் அவுட்!"

ஐந்து பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். வராந்தா திரும்பும்வரைதான் அந்தத் தொங்கல். அட்டெண்டன்ஸ் விழுந்தாயிற்று, தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காட்டுக்குப் பங்கமில்லை, கேண்டீனில் டீ சூடாக இருக்கிறது. தண்டனை உண்மையில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். "எங்க காலத்துல வாத்தியார் எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு எறங்குவோம்" என்று ஆரம்பித்தால் மணியடிக்கும்வரை இறங்கிக்கொண்டே இருப்பார். கோடு பாதியிலேயே நிற்கும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கருக்கு அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என எட்டு உவமை சொன்னார். சாருக்கு எருமை மட்டும் மனப்பாடம்.

அடுத்த கட்டம் மன்னிப்புக் கடிதம். சீனியர்கள் விட்டுப்போன வாசகம். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். 'மண்ணிப்பு' என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். ஆறு செமஸ்டரில் அவரிடம் பையன்கள் உருப்படியாகக் கற்றது அந்த ரெண்டுசுழி 'ன' ஒன்றுதான்.

அடுத்த பீரியட் வரும் மேடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. முதல் வாரத்திலேயே ஊர், பேர் எல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வார். மயில் தொண்டையைச் செருமினாலே, "மன்னார்குடித் தம்பி, இந்த வருஷம் நெல்லு என்ன வெலை போச்சு? வெலை ஏறினா வெளைச்சலை உடனே கூட்ட முடியுமா? எந்திரிச்சுச் சொல்லுங்க" என்பார். அந்த 'ங்க'வில் மயில் தோகையை மடக்கிவிடும்.

கேண்டீன் ரகசியம் சார் காதுக்கும் ஒருநாள் எட்டியது. அட்டெண்டன்ஸைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மாற்றினார். அன்றும் மயில் அகவியது, ஐவரும் போனார்கள், மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒருவன் கையில் இரண்டு தாள்.

"எதுக்குடா ரெண்டு?"

"ஒண்ணு நாளைக்கு, சார்."