ஓடித் தேய்ந்த வண்டிக்கு வேறு என்ஜின் பொருத்தும் மரபு: சிவகாசி வட்டார அம்பாசிடரை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வண்டியின் முதுமை அதன் வயதைக் கொண்டு அன்றி, அது குடிக்கும் ஆயிலைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரிந்து, சைலன்ஸர் வழியே நீலப்புகையாக வெளியேறும் நிலையை அடைந்த வண்டிக்குப் பட்டறைகள் இரண்டு வழிகளைச் சொல்லும். சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுவதாகிய ரீபோர் ஒன்று. என்ஜினையே மாற்றிவிடுவது மற்றொன்று. முன்னது வெறும் வைத்தியம் ஆதலின் ஆய்வுக்கு உரியதன்று.

பின்னதற்குச் சிறந்த சான்று அம்பாசிடர். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த இந்தக் கார், நெடுங்காலம் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுடன் ஓடியது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும், 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்ததே என்பதால், இவ்வூருக்கு நெருப்பும் காரும் ஒரே திசையிலிருந்து வந்தன என்பது புலனாகிறது. இதிலிருந்து எந்த முடிவும் பெறப்படவில்லை. எனினும் இத்தகைய செய்தி ஒன்றேனும் இல்லாத ஆய்வுரை அரங்கேறுவதில்லை.

பெட்ரோல் அம்பாசிடரின் உரிமையாளர் மாற்று என்ஜின் தேடும்போது பெரும்பாலும் டீசலையே நாடியதன் காரணம் ஆராயத்தக்கது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது, அதன் ஸ்பார்க் பிளக்குகள் நிமிடத்துக்கு 6,000 தீப்பொறிகளை உண்டாக்குகின்றன. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்ற என்ஜினிலோ பொறியே கிடையாது. ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படும் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, தன்மேல் பீய்ச்சப்படும் டீசலைத் தானே பற்றவைத்துக்கொள்கிறது. பட்டாசு ஆலை வாசலில் பீடியையும் தீப்பெட்டியையும் பறித்து வைத்துக்கொள்ளும் ஓர் ஊர், பொறியில்லா என்ஜினைத் தேர்ந்தது அதன் பண்பாட்டு ஆழ்மனத்தின் வெளிப்பாடு என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெட்ரோலைவிட டீசல் நெடுங்காலம் விலை குறைவாக இருந்ததே காரணம் என்பாரும் உளர். அவ்விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுவதால் ஆய்வுலகம் அதனை ஏற்பதற்கில்லை.

டீசல் என்று முடிவானபின் எந்த டீசல் என்னும் வினா எழும். இந்துஸ்தான் மோட்டார்ஸின் சொந்த டீசல் என்ஜின் இடத்தில் சரியாக உட்காரும், ஆனால் இழுவை குறைவு. பிற்கால அம்பாசிடர்களில் வந்த இசுசு என்ஜின் நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நல்ல பொருளை எவரும் விற்பதில்லை என்பதே அதிலுள்ள இடர். எஞ்சுவது பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வேனில் இருந்த, மெர்சிடிஸ் பென்ஸ் வழிவந்த 2.4 லிட்டர் என்ஜின். வேனுக்கென்று பிறந்த இதனைக் காரின் முகப்புக்குள் இறக்க மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்வதானால், இரண்டுக்கும் இடையே தூதுபோகும் அடாப்டர் பிளேட் என்னும் இரும்புத் தகட்டைக் கடைந்தெடுக்க வேண்டும். ஆஃப்செட் அச்சு இயந்திரங்களைப் பிரித்து மாட்டிப் பழகிய கைகள் நிறைந்த சிவகாசியில் இது பெரிய காரியமன்று. கூடுதல் எடையால் வண்டி முன்பக்கம் தாழ்ந்து, எதிர்வரும் அனைவருக்கும் வணக்கம் செலுத்துவதுபோல் தோன்றினால், முறுக்கு விசையால் வண்டியைத் தாங்கும் கம்பியாகிய டார்ஷன் பாரைச் சற்று ஏற்றிவைத்தால் போதும்.

இனி, மெட்டடாரின் உயிரைத் தாங்கிய அம்பாசிடர் எந்தப் பெயருக்கு உரியது என்னும் சிக்கல். இதற்குத் தமிழ் மரபில் முன்தீர்ப்பு உண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் ஒரு சிவயோகி புகுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. உயிர் யோகியினுடையதாயினும், உலகம் அவரை உடலின் பெயராலேயே திருமூலர் என்றது. மோட்டார் வாகனத் துறையும் இதே நெறியைப் பின்பற்றி, சேசிஸ் எண்ணை மாறாததாகவும் என்ஜின் எண்ணை, உரிய அனுமதி பெற்றால், ஆர்.சி. புத்தகத்தில் திருத்தக்கூடியதாகவும் கொள்கிறது. எனவே அனுமதி பெறாமல் என்ஜினை மாற்றியவர் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் திருமூலரை மேற்கோள் காட்டுவதால் பயனில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அவர் கையில் இருக்கும்.

குதிரைத்திறன், மைலேஜ், விலை என்று வழக்கமாகக் கூறப்படும் அளவுகோல்கள் யாவும் உண்மையில் முடிவு எடுக்கப்பட்ட பிறகே பேசப்படுகின்றன. விருதுநகர் சாலையில் ஆமத்தூர் அருகே வண்டி நின்றுபோனால், இரவு பத்து மணிக்கு ஸ்பேனருடன் வந்து சேரும் மெக்கானிக்குக்கு எந்த என்ஜின் கைவந்ததோ அதுவே சிறந்த என்ஜின். அவரை அழைத்துவரும் மைத்துனர் மறுத்துவிட்டால் இசுசுவே ஆயினும் தள்ளுபடியாகும்.

கழற்றப்பட்ட என்ஜினைப் பழைய இரும்புக்கடைக்குப் போட அநேகமாக எவருக்கும் மனம் வருவதில்லை. அது ஒரிஜினல் என்னும் தகுதியைக் கழற்றிய பிறகே பெறுகிறது. தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் வைக்கப்படும் அதற்கும் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடப்படுவதால், ஒரு காருக்கு இரண்டு என்ஜின் உள்ள இவ்வீடுகளில் எலுமிச்சம்பழம் எத்தனை வாங்குவது என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.