36 படத்தையும் கோட்டைவிடுவது எப்படி?

செல்போனில் அழுத்தினால் படம் வந்துவிடுகிறது. அதில் என்ன கௌரவம் இருக்கிறது? கறுப்பு வெள்ளை பிலிம், ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, தாத்தா காலத்து லென்ஸ் என்று இறங்கிப் பாருங்கள். ஒரு படம்கூட வராமல் வருடக்கணக்கில் புகைப்படக் கலைஞராக உலவலாம்.

முதலில் கேமரா. லைக்கா வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் போதும், மேற்கொண்டு படிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு சோவியத் யூனியன் கைகொடுத்திருக்கிறது. ஜெர்மனியின் லைக்காவை அப்படியே பார்த்து 1934 முதல் கார்கிவ் நகரில் ‘ஃபெட்’ செய்தார்கள். செய்தது வீடற்ற சிறுவர்களுக்கான ஒரு கம்யூன். பெயரோ ரகசியப் போலீசை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். அதன் தம்பியாக 1948-ல் ‘ஸோர்க்கி’ வந்தது. இவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு ‘லைக்கா’ என்று பொறித்து, தங்கமுலாம் பூசி, ஹிட்லர் காலத்துக் கழுகையும் உட்காரவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கழுகைக் கண்டால் யோசிக்காமல் வாங்குங்கள். ஜெர்மன் விமானப்படைக்காரர் தங்கமுலாம் கேமராவைத் தூக்கிக்கொண்டா சண்டைக்குப் போனார் என்றெல்லாம் கேட்டால் கலை வளராது.

லென்ஸ், ஜூபிடர்-8. ஐம்பது மில்லிமீட்டர், எஃப் 2. இதுவும் ஜெர்மன் சரக்குதான். சைஸ் கம்பெனியின் ‘சொன்னார்’ லென்ஸைப் பார்த்துச் செய்தது. வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் உள்ளே பூஞ்சை வேர்விட்டிருப்பது தெரிந்து மனம் வருந்தும். விற்பவர் அதை ‘கேரக்டர்’ என்பார். தோல் உறையோடு பீரோவில் பூட்டிவையுங்கள். மீதியைச் சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும்.

பிலிமுக்குப் பழைய ஸ்டுடியோக்களைத் துழாவுங்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல் தப்பித் தவறிக் கிடைத்தால் விடாதீர்கள். தொழிற்சாலையே ஓய்ந்து காலமாகிவிட்டது. ரோலில் ஊட்டியின் மூடுபனி மட்டும் பத்திரமாக இருக்கும். பிலிமை மாட்டி நகர்த்தும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுழன்றால் ரோல் ஓடுகிறது என்று பொருள். அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதீர்கள். எண்ணிக்கை 36-ஐத் தாண்டி 40, 45 என்று போய்க்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள், எவ்வளவு சிக்கனம்!

இனி முக்கியமான விஷயம். இந்தக் கேமராவில் நீங்கள் பார்ப்பது ஒரு ஜன்னல், படம் எடுப்பது இன்னொரு கண். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே மெரினா முழுவதையும் எடுத்து முடிக்கலாம். ஜன்னலில் கடல் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டீர்களா, பரவாயில்லை. ஜன்னல் மேலே, லென்ஸ் கீழே. ஆளை ஒரு மீட்டர் கிட்டத்தில் நிறுத்தினால் தலை தானாகவே வெட்டுப்படும்.

ஃபோகஸ் செய்வதற்கு ஜன்னலின் நடுவே மங்கிய ஒரு கட்டம் உண்டு. அதில் உருவம் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். உருவங்கள் பக்கவாட்டில்தான் விலகும் என்பதால், நெட்டுக்குத்தான கோடு இருந்தால்தான் விலகல் தெரியும். விளக்குக் கம்பம், கதவு நிலை, எல்லாவற்றையும்விட மேலாக வைணவர். நெற்றியில் நாமம் இருந்தால் ஃபோகஸ் ஒரு நொடியில் முடிந்துவிடும். பட்டையாக விபூதி பூசியவரிடம் இந்த வித்தை பலிக்காது, மூன்று கோடும் படுத்துக் கிடக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் நீங்கள் அதைச் செய்யாமல் சிவனடியாரின் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். அவர் திட்டத் தொடங்கும்போது முகத்தில் நல்ல உணர்ச்சி வரும், அந்நேரம் நீங்கள் ஃபோகஸ் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெளிச்சம் அளக்க மீட்டர் கிடையாது. 400 வேக பிலிமுக்குச் சுள்ளென்ற வெயிலில் எஃப் 16, விநாடியில் 500-ல் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அது பெரும்பாலும் சரியாக வந்து தொலைக்கும் என்பதால் மறந்துவிடுங்கள். ஸோர்க்கியில் ஷட்டரை இழுத்துவைத்த பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்பே மாற்றினால் உள்ளே ஏதாவது கோணிக்கொள்ளும், அப்புறம் படம் பற்றிய கவலையே இல்லை. நடக்கும்போது மூடி போடாத லென்ஸை உச்சி வெயிலுக்குக் காட்டியபடி போங்கள். நடுவில் கண்ணாடி இல்லாததால் சூரியன் நேரே துணி ஷட்டரைச் சுட்டு ஓட்டை போடும். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கூடுதலாக ஒரு நிலா.

இதற்குள் யாராவது படத்தைக் காட்டச் சொல்வார்கள். உடனே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெயரை இழுங்கள். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார், கையில் லைக்கா, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவின் பளபளப்பை மறைக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வார். அவரிடமிருந்து உடனடியாகக் கற்றுக்கொள்ளக்கூடியது அந்த டேப்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

பிலிம் கழுவுவது கடைசிப் படி. சினிமாவில் வருவதுபோல் குளியலறையில் சிவப்பு பல்பைப் போடுங்கள். அச்சுத் தாள்தான் சிவப்பு வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், பிலிமுக்குக் கும்மிருட்டு வேண்டும் என்பார்கள். கும்மிருட்டில் போஸ் கொடுக்க முடியுமா? டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் டீத்தூள் போட்டாலே சாயம் இறங்கும். ஐஸ் கட்டி தேடி அலையாமல் அதையே ஊற்றுங்கள். ஈரம் காயச் சுழலும் மின்விசிறிக்கடியில் தொங்கவிட்டால் தெருப்புழுதி முழுக்க வந்து ஒட்டிக்கொள்ளும்.

அத்தனையும் செய்து முடித்து, ரோல் கண்ணாடிபோல் வெறுமையாக வந்திருக்கிறதா? ஓரத்தைப் பாருங்கள். கம்பெனி பெயரும் எண்களும் கறுப்பாகத் தெரிந்தால் கழுவியது சரி. பிலிம் வெளிச்சத்தையே பார்க்கவில்லை, மூடியோ குமிழோ காரணம், அதாவது நீங்கள். ஓரத்திலும் ஒன்றுமில்லை என்றால் டெவலப்பருக்கு முன்னால் யாரோ ஹைப்போவை ஊற்றியிருக்கிறார்கள். அந்த யாரோவும் நீங்கள்தான். ஆனால் வீட்டில் கேட்டால் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிடலாம். சென்னையில் அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.