கொரில்லாவைப் பார்க்க எந்த வண்டி?

கேள்வி: கொரில்லாவைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா? – வாசகர், சிதம்பரம்

பதில்: வேண்டாம். உங்கள் ஊர் வழியாகவே போகிறது, கடலூர் துறைமுகம்–மைசூரு எக்ஸ்பிரஸ்! மைசூரு உயிரியல் பூங்காவில் துணையின்றி வாழ்ந்த போலோ என்ற கொரில்லா 2014-இல் இறந்தது. 2021-இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

சினிமாவில் காட்டும் அரக்கன் அல்ல கொரில்லா. இலை தழை தின்னும் குடும்பஸ்தன். மார்பைத் தட்டுவதுகூடப் பெரும்பாலும் 'கிட்டே வராதே' என்ற அறிவிப்புதான்; பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும். வெகுவாகக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள் காவலர்களின் உழைப்பால் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் செல்போனுக்கு வேண்டிய கோல்டான் தாதுவுக்காகக் காங்கோவில் கொரில்லாக் காடுகள் தோண்டப்படுகின்றன. பரணில் கிடக்கும் பழைய செல்போனை மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.