கிரேக்கக் கதை எடுக்கப்போற மோனைக்கு

மோனை, நீ கிரேக்கப் புராணம் ஒண்டைப் படமா எடுக்கப்போறாய் எண்டு கொம்மா சொன்னவ. சந்தோசம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலை படிச்சு முடிச்சுப்போட்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறதுக்கு இதைவிடக் கௌரவமான காரணம் ஒருத்தனுக்கும் கிடைக்காது. நான் பனங்காட்டுக்குள்ளை விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பாத்து வளந்தவன். இப்ப பொரளையிலை மகள் வீட்டு அனெக்சுக்குள்ளை இருந்து, பேரப்பிள்ளையளின்ர புண்ணியத்திலை உந்தக் கிரேக்கக் கதைப் படமெல்லாம் பாத்து முடிச்சிட்டன். புத்தி சொல்ல இந்தத் தகுதி காணும். இந்த நாட்டிலை புத்தி சொல்லுறவைக்குத் தகுதி வேணும் எண்டு சட்டம் ஏதும் வந்தால், பாராளுமன்றத்தை எல்லோ முதலிலை பூட்டவேணும்?

முதலிலை உடம்பைப் பற்றிக் கதைப்பம். 1958இலை இத்தாலிக்காரர் ‘ஹெர்குலிஸ்’ எடுத்தவை. ஸ்டீவ் ரீவ்ஸ் எண்ட அமெரிக்கப் பயில்வான் நெஞ்சிலை எண்ணெய் மினுங்கச் சங்கிலியைப் பிடிச்சு இழுக்க, மாளிகைத் தூணெல்லாம் பொலபொலவெண்டு விழுந்துது. காசு கொட்டினதைக் கண்ட இத்தாலிக்காரர், பிறகு கொஞ்சக் காலத்துக்கு வருசா வருசம் எண்ணெயும் செருப்புமாப் படம் எடுத்துத் தள்ளினவை. உன்ர கூட்டாளிமாரிலை ஆருக்கு அந்த உடம்பு இருக்குது சொல்லு பாப்பம்? வெள்ளவத்தையிலை ஜிம்முக்குப் போற பெடியளும் கண்ணாடி பாக்கத்தான் போறாங்கள். தூண் கிடக்கட்டும், அவங்களைக் கொண்டு காஸ் சிலிண்டரை மாடிக்கு ஏத்தேலாது.

அடுத்தது பூதம். ‘ஜேசனும் ஆர்கோனோட்டுகளும்’ 1963இலை வந்த படம். அதிலை ஏழு எலும்புக்கூடு மூண்டு மனுசரோடை வாள்சண்டை போடுது. திரையிலை ஓடுறது சில நிமிசம்தான். ரே ஹரிஹவுசன் எண்ட மனுசன், பொம்மையை மயிரளவு நகத்தி ஒரு பிரேம், திரும்ப நகத்தி இன்னொரு பிரேம் எண்டு அதுக்கு நாலரை மாதம் செலவழிச்சவர். நீ போன கிழமை ஒரு பல்ப் மாத்துறதுக்கு மூண்டு நாள் எடுத்தனி. கணக்கைப் பாத்தால் உன்ர முதலாவது எலும்புக்கூடு நடக்கத் துவங்கேக்குள்ளை நானே எலும்புக்கூடாப் போயிருப்பன். அப்ப சம்பளமில்லாமல் நடிக்க வாறன், பயப்பிடாதை.

அதே ஹரிஹவுசன் வேலை செய்த 1981ஆம் ஆண்டு ‘கிளாஷ் ஒஃப் த டைட்டன்ஸ்’ படத்திலை கடலுக்குள்ளையிருந்து கிராக்கன் எழும்புது. சனம் வாயைப் பிளந்துகொண்டு பாத்தது. அந்தக் கிராக்கன் கிரேக்கமே இல்லை மோனை, நோர்வேக் கடல் மாலுமியளின்ர கதை. எங்கட சனம் இஞ்சையிருந்து நோர்வேக்குப் போச்சுது, அந்தப் பூதம் அங்கையிருந்து விசா இல்லாமல் கிரேக்கத்துக்கு வந்திட்டுது. ஒரு கிரேக்கனும் கோவிக்கயில்லை. சுத்தமான கலப்பில்லாத புராணம் எடுக்கவேணும் எண்டு நீ உண்ணாவிரதம் இருக்கத் தேவையில்லை எண்டதுக்காகச் சொல்லுறன்.

ஆனா கதையை மாத்துறதெண்டால் யோசிச்சு மாத்து. 2004இலை வந்த ‘ட்ரோய்’ படத்தைப் பார். பத்து வருச யுத்தத்தைக் கிழமைக் கணக்கிலை முடிச்சிட்டினம். கடவுள்மார் எல்லாருக்கும் கட்டாய ஓய்வு, அகிலிசின்ர தாய் மட்டும் தண்ணிக்குள்ளை வந்து நிண்டு ரெண்டு வார்த்தை கதைச்சிட்டுப் போறா. அகமெம்னன் வெண்டு வீட்டை போய், பெத்த பிள்ளையைப் பலி குடுத்த குற்றத்துக்காகப் பெண்சாதியின்ர கையாலை சாகவேண்டியவன். அவனை ட்ரோயிலேயே குத்திக் கொண்டுபோட்டினம். அந்த மனுசியின்ர ஆவேசத்தை வைச்சு ஏஸ்கிலஸ் எழுதின நாடகம் ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு மேலை நிக்குது. படத்திலை மிஞ்சினது பிராட் பிட்டின்ர தொடையும் மரக்குதிரையும். குதிரை இப்பவும் துருக்கியிலை சனக்கலே பட்டினத்துக் கடற்கரையிலை நிக்குது, சனம் போட்டோ எடுக்குது.

குதிரைக்குள்ளை ஒளிச்சிருந்தவையை எடுக்க ஆயிரம் பேர் வருவினம். ஊர் எரிஞ்சு முடிய, அடுத்த நாள் விடியக் கடற்கரையிலை குந்தியிருந்த பொம்பிளையளை எடுத்தவர் மைக்கேல் ககோயானிஸ். யூரிப்பிடிசின்ர நாடகத்தை வைச்சு 1971இலை ‘ட்ரோஜன் பெண்கள்’ எடுத்தார், கிழட்டு ராணி ஹெக்குபாவா கதரின் ஹெப்பர்ன் நடிச்சவ. இஞ்சை சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தர்மசிறி பண்டாரநாயக்க அதே நாடகத்தைச் சிங்களத்திலை மேடையேத்தினவர். 1983 ஆடியிலை இந்தப் பொரளைக் கனத்தை மயானத்தடியிலை துவங்கின நெருப்பு எங்கட ஆக்களைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பினது. அந்தக் கதையை எடுக்கிறதெண்டால் நான் பகிடி விடமாட்டன், வாயை மூடிக்கொண்டு பக்கத்திலை இருப்பன்.

சரி, இனி உன்ர பெரிய மாமா வருவார். “உதெல்லாம் எங்களிட்டை முதலே இருக்குது” எண்டு துவங்குவார். அகிலிசுக்குக் குதிக்கால் எண்டால் துரியோதனனுக்குத் தொடை. ஒடிசியஸ் வில் வளைச்சுப் பெண்சாதியை மீட்டால், ராமர் வில்லை முறிச்சே கலியாணம் கட்டினவர். ஒர்ஃபியஸ் யாழ் வாசிச்சு யமலோகம் மட்டும் போய், திரும்பிப் பாத்துப் பெண்சாதியைத் துலைச்சவன். எங்கட சாவித்திரி ஒரு வாத்தியமும் இல்லாமல், யமனோடை வாய் குடுத்தே புருசனைக் கூட்டிக்கொண்டு வந்தவ. எல்லாம் சரிதான். மாமாவுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு. ஆர் முந்தி எண்ட விசாரணையிலை ஒரு சீனும் எழுதப்படாது. ஆனா போகேக்குள்ளை சாவித்திரியை மட்டும் மறிச்சு வைச்சுக்கொள். பாடினவன் தோத்து, கதைச்சவள் வெண்ட இடத்திலை ஒரு படம் ஒளிச்சிருக்குது.

என்ர புத்தி ஒண்டுதான். ஒடியல் கூழுக்கு மா மாறாது, மீன் மட்டும் அண்டைக்கு எது கரைக்கு வந்துதோ அது. ஏதென்சிலை பிடிச்ச மீனைப் பொரளைக்குக் கொண்டு வந்தால் நாறும். மார்செல் கமு 1959இலை ஒர்ஃபியசை ரியோ நகரத்துச் சேரிக்குக் கொண்டுபோய், கார்னிவல் கூத்துக்குள்ளை விட்டவர். ஒர்ஃபியஸ் அங்கை ட்ராம் ஓட்டுறான். அந்தக் ‘கறுப்பு ஒர்ஃபியஸ்’ கான் விழாவிலை தங்கப்பனை வாங்கிச்சுது. கோயன் சகோதரர் 2000இலை ஒடிசியசைச் சிறையிலையிருந்து தப்பின கைதியாக்கி மிசிசிப்பித் தெருவிலை ஓடவிட்டினம். ஒத்தைக்கண் அரக்கன் பைபிள் விக்கிறவனா வாறான். பிறகு, தாங்கள் ஒடிசியைப் படிச்சதே இல்லை எண்டு வேறை சொன்னவை. மோனை, இதிலை மட்டும் நீ அவையளுக்குச் சமன்.

இன்னும் நம்பிக்கை வரயில்லை எண்டால் எழும்பி நட. கனத்தைக்குள்ளை ஒரு வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார், ஆர்தர் சி. கிளார்க். நீ படிச்ச பல்கலைக்கழகத்துக்கு 1979 துவங்கி 2002 மட்டும் வேந்தரா இருந்தவர். படம் அடிச்சுத் தொங்கவிட்டிருப்பினம், நீ கன்ரீனுக்குப் போற அவசரத்திலை பாத்திருக்கமாட்டாய். 1956இலை கடலுக்குள்ளை சுழியோட எண்டு இஞ்சை வந்தவர், பிறகு இஞ்சையே தங்கிட்டார். பொரளையிலையிருந்து கூப்பிடு தூரத்திலை, பார்ன்ஸ் பிளேசிலை வீடு. 1964இலை நியூயோர்க்கிலை ஸ்டான்லி கியூப்ரிக்கைச் சந்திச்சு, ரெண்டு பேருமாக் கதை எழுதி, 1968இலை வந்ததுதான் ‘2001: ஒரு விண்வெளி ஒடிசி’.

பேரிலேயே ஒடிசி. படத்திலை செருப்பில்லை, வாளில்லை, ஒரு கிரேக்கக் கடவுளும் தலை காட்டயில்லை. துவங்கி இருபத்தஞ்சு நிமிசத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்கயில்லை. எங்கட படமெண்டால் அந்த நேரத்துக்குள்ளை ரெண்டு பாட்டு, ஒரு சண்டை, ஒரு தங்கச்சி சாவு எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனா வடிவாப் பார். வீட்டை விட்டு வெகு தூரம் போற ஒருத்தன், கூட வந்தவை எல்லாம் சாக, தனிச்சுப் போறான். வழியிலை ஒத்தைக்கண் ராட்சசன். ஹோமரிலை அது குகைக்குள்ளை இருந்து ஆளைத் தின்னுது. இதிலை ஹால் எண்ட கணினி, சிவப்புக் கண்ணோடை, வங்கி மனேச்சர் மாதிரிப் பவ்வியமாக் கதைச்சுக் கதைச்சே ஆளைக் கொல்லுது. ஒடிசியஸ் ராட்சசன்ர கண்ணைக் குத்தினான், இவன் ஹாலின்ர மூளையைக் கழட்டினான். அந்தக் காலத்துக் கிரேக்கருக்குக் கடல் எப்பிடியோ, எங்களுக்கு விண்வெளி அப்பிடி எண்டது கியூப்ரிக்கின்ர நியாயம். மா கிரேக்க மா, மீன் மட்டும் வானத்திலை பிடிச்சது.

கிளார்க்கின்ர கூட்டாளி மைக் வில்சனின்ர கதையையும் கேள். ரெண்டு பேரும் திருக்கோணமலைக் கடலுக்கடியிலை, போர்த்துக்கேயர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயிலின்ர தூணுகளைக் கண்டவை. 1962இலை கிளார்க் காசு போட, வில்சன் ‘ரன் முத்து தூவ’ எடுத்தார், முழுக்கக் கலரிலை வந்த முதலாவது சிங்களப் படம். பிறகு ஜேம்ஸ் பொண்டை ஜேம்ஸ் பண்டாவாக்கி காமினி பொன்சேகாவை நடிக்க வைச்சவர். கடைசியிலை காவியைக் கட்டி, கதிர்காமக் கந்தனுக்கு ஆளாகி, சுவாமி சிவகல்கி ஆகிட்டார். ஒடிசியஸ் பத்து வருசம் அலைஞ்சும் தன்ர வீட்டுக்குத்தான் போனான், இந்த மனுசன் எங்கட வீட்டுக்கு வந்து சேந்திட்டார். உனக்குக் கதை காணாதெண்டு ஆர் சொன்னது?

இப்ப நோலன் எண்டவர் மாட் டேமனை ஒடிசியசாக்கி, ஐமாக்ஸ் கமராவாலை ஒடிசியை எடுத்து வைச்சிருக்கிறார். உன்னட்டை இருக்கிறது தவணைக்கு வாங்கின கமரா, அதிலையும் தவணை பாக்கி. போட்டிக்குப் போகாதை. ஒடிசியசுக்காகக் காத்திருந்த பெண்சாதி பெனலோப்பி மாதிரி, பதினஞ்சு வருசத்துக்கு மேலாப் புருசன் எங்கையெண்டு தெரியாமல் கையிலை போட்டோவோடை நிக்கிற ஒருத்தியை வடக்கிலை எந்தச் சந்தியிலையும் காணலாம். அவளுக்குச் செருப்பும் வேண்டாம், கிரேக்கப் பேரும் வேண்டாம்.

உரிமைக் காசு கேட்டு ஹோமரின்ர பேரப்பிள்ளையள் வருவினமோ எண்டு யோசிக்காதை. வந்தாலும் புதுக்கடைக் கோட்டிலைதான் வழக்குப் போடவேணும். அங்கை எங்கட காணி வழக்குத் துவங்கினது கொப்பர் பிறக்க முதல். முதலாவது தவணைக்குள்ளையே நீ ரெண்டாம் பாகமும் எடுத்து முடிச்சிடுவாய்.