கெளுத்திக்கு வந்த வாழ்வு

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும். ஊரே ஊத்தாவும் கூடையுமாக இறங்கும். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் விராலுக்குத்தான் மரியாதை. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கெளுத்தி எங்களை மாதிரி பொடிசுகளுக்கு. வெறுங்கையால் அமுக்கினால் செவுள் ஓர முள் ஏறி, ராத்திரி முழுக்கக் கடுக்கும். மறுநாள் அப்பத்தா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, முள்ளை ஒடித்து, புளிக்குழம்பில் போட்டுவிடும். பகை தீரும்.

இப்போது சென்னை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், மூன்றடித் தொட்டிக்குள் கெளுத்தியின் தூரத்து உறவு குடியிருக்கிறது. பெயர் கோரிடோராஸ், பூர்வீகம் தென் அமெரிக்கா. கொளத்தூர் மீன் கடைகளில் சல்லிசாகவே கிடைக்கும். செலவெல்லாம் வாங்கிய பிறகுதான். கடைக்காரர் பையன் பாலிதீன் பையை இரட்டையாகப் போட்டபோதே புரிந்தது: இதற்கும் முள் உண்டு, ஒற்றைப் பையைக் குத்திவிடும். குணத்தில் மட்டும் பரமசாது. யாரையும் துரத்தாது, கடிக்காது. மேலே நியான் டெட்ராக்கள் ஊர்வலம் போக, இது அடியில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டிருக்கும்.

அந்த மீசைக்காகத்தான் இத்தனை பாடு. கூரான கல் பட்டால் தேய்ந்துவிடுமாம். பொடி மணல்தான் வேண்டும். நாங்கள் குடியிருக்கும் கட்டடமே எம்-சாண்டில் எழும்பியது. மீனுக்கோ சலித்து, ஏழு தண்ணீரில் அலசிய ஆற்று மணல். தனியாக விட்டால் மிரண்டு ஒடுங்கிவிடும், ஆறு மீனாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர். கூட்டுக் குடும்பம் தொட்டிக்குள்தான் நடக்கிறது. மே மாத வெயிலில் அதற்குத் தனி ஃபேன் வேறு.

அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று கடையில் சொன்னார்கள். வேலைக்காரன் என்று அழைத்துவந்த மாப்பிள்ளை அது. அடியில் போய் விழும் தீனியாகப் பார்த்துப் போட வேண்டும். உறையவைத்த ரத்தப்புழு என்றால் இன்னும் உற்சாகம். அந்தப் புழு எங்கள் ஃப்ரீசரில், பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அப்பத்தா தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டது. ஒரு மீன் விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கியது.

"ஏய்யா, இதுக்கு மூச்சு முட்டுதா?"

"இல்ல அப்பத்தா, அது குடல் வழியாவும் மூச்சு விடும்."

"சரிதான். எப்பப் பெருசாகும்?"

"இம்புட்டுத்தான், ரெண்டரை அங்குலம்."

அப்பத்தா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழம்புச் சட்டியின் ஏமாற்றம் முழுக்க இருந்தது.

ஊரில் புதுத்தண்ணி வரத்துக்கால் வழியே இறங்கினால் கெளுத்தி சினையோடு எதிரேறும். இங்கே மழைக்கு நான்தான் பொறுப்பு. லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் குளிரவிட்டு, தொட்டியில் மெல்ல ஊற்றினேன்; தென் அமெரிக்காவில் மழைக்காலம் வந்துவிட்டதாக அவை நம்பின. மறுநாள் காலை கண்ணாடியெங்கும் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். வேறு தொட்டிக்கு மாற்ற ஏற்பாடு செய்வதற்குள் பெற்றவையே வரிசையாகத் தின்னத் தொடங்கிவிட்டன. நான் பதறினேன். அப்பத்தா பதறவில்லை.

"மீனுக்கே சினையோட ருசி தெரிஞ்சிருக்கு. நீதான் பட்டணம் வந்து மறந்துட்ட."