துகளார் கருத்துக் கேட்கிறார்

துகளாரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளராக இருப்பார், அல்லது வங்கி மேலாளராக, அல்லது மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவராக. சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் ஏதோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. பைக்குள் செராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட ஐந்தாறு பிரதிகள். முகப்பில் 'அடிப்படைத் துகள்களின் நிறைகள்: ஓர் இறுதி விளக்கம்' என்று பெரிதாகவும், அதன் கீழே 'முதல் வரைவு' என்று சிறிதாகவும் இருக்கும். இறுதி விளக்கம் எப்படி ஐயா முதல் வரைவாக இருக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். அதையும் 'வாசகர் கருத்து' என்று குறித்துக்கொள்வார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். தப்பு இருந்தா தயவுதாட்சண்யம் பாக்காம சொல்லிடுங்க."

தயவுதாட்சண்யம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அனுபவப்பட்ட இயற்பியல் பேராசிரியர் கைப்பேசியைத் தேடத் தொடங்கிவிடுவார்.

துகளாரை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் அவர் பிடித்திருக்கும் கேள்வி அசல் கேள்வி. எலக்ட்ரானுக்கும் மியூவானுக்கும் மின்னூட்டம் ஒன்று, தற்சுழற்சி ஒன்று, குணம் ஒன்று. ஆனால் மியூவான் ஏறக்குறைய 207 மடங்கு கனம். அதற்கும் மேலே டௌ, சுமார் 3,477 மடங்கு. ஏன் இந்த எண்கள்? 2012-ல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டபோது நிறை எந்த வழியாக வருகிறது என்பது தெளிவானது. யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாகவில்லை. அதை இன்றும் ஆய்வகத்தில் அளந்து, சமன்பாட்டில் கையால் எழுதிச் சேர்க்கிறார்கள். நோபல் பரிசு வாங்கியவர்களே கையை விரிக்கும் இடம் இது. அவர்கள் விரித்த கையில் துகளார் ஒரு பிரதியை வைக்கிறார்.

அவருடைய கணித மூலதனம் பெரிதல்ல. பை, பொன் விகிதம், நுண்ணமைப்பு மாறிலியின் தலைகீழான 137.036. நம் மரபின் பங்காக 27, 96, 108. இவற்றைப் பெருக்கலாம், வகுக்கலாம், வர்க்கமூலம் எடுக்கலாம், ஐந்தாம் அடுக்குக்கு ஏற்றலாம். ஓர் எக்செல் தாளும் தூக்கம் வராத ஓர் இரவும் இருந்தால் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம், உங்கள் வீட்டு மின் இணைப்பு எண் உட்பட.

மியூவான் கணக்கைப் பாருங்கள். 137.036-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 205.554. ஒன்று கூட்டினால் 206.554. அளந்து கண்டது 206.768. இதுவரைக்கும் கணக்கில் நிஜமாகவே ஒரு மயக்கு இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யோயிசிரோ நம்புவே 1952-ல், எலக்ட்ரான் நிறையின் 137 மடங்கை அலகாக வைத்துத் துகள் நிறைகளை ஒழுங்குபடுத்த முடியுமா என்று பார்த்தவர்தான். ஆனால் மிச்சம் 0.214 உதைக்கிறதே? நாமாக இருந்தால் தாளை மடித்து வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவோம். துகளார் அந்த மிச்சத்துக்கு 'வெற்றிட இழுவைத் திருத்தம்' என்று பெயர்சூட்டு விழா நடத்துவார். பெயர் வைத்தபின் அது பிழை அல்ல, கண்டுபிடிப்பு. மளிகைக் கடை பில்லின் கடைசி வரியில் வரும் ரவுண்ட் ஆஃப் போலத்தான் இதுவும். என்ன, மளிகைக்காரர் அதற்காக ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்பை எதிர்பார்ப்பதில்லை.

பேராசிரியர் எச்சரிக்கையாக ஃப்ரீட்ரிக் லென்ஸ் கதையை எடுப்பார். 1951-ல் லென்ஸ் 'ஃபிசிகல் ரிவ்யூ' இதழில் நாலைந்து வரிக் குறிப்பொன்று வெளியிட்டார். புரோட்டான் எலக்ட்ரானைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண், பையின் ஐந்தாம் அடுக்கை ஆறால் பெருக்கினால் கிடைக்கிறது: 1836.12. அன்றைய அளவீட்டோடு அச்சாகப் பொருந்தியது. அப்புறம் கருவிகள் கூர்மையாகி எண் 1836.153-ல் போய் நின்றது. சூத்திரம் வெளியே விழுந்தது. பேராசிரியர் பின்பாதிக்கு வருவதற்குள் துகளார் முன்பாதியைத் தம் இரண்டாம் அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அவருடைய பிரம்மாஸ்திரம் கோய்டே. ஜப்பானிய இயற்பியலாளர் யோஷியோ கோய்டே 1980-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். எலக்ட்ரான், மியூவான், டௌ ஆகிய மூன்றின் நிறைகளையும் கூட்டுங்கள். தனியாக, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மூன்றில் இரண்டு. அன்றைக்கு அளந்து வைத்திருந்த டௌ நிறை சுமார் 1784 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். சூத்திரம் கேட்டதோ 1777. பத்தாண்டு கழித்து, 1992-ல், பெய்ஜிங் முடுக்கியில் திரும்ப அளந்தபோது டௌ இறங்கி 1777-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அது ஏன் என்று எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் கிடையாது.

"பாத்தீங்களா சார்?" என்பார் துகளார், ஏதோ அந்த முடுக்கியைத் தாமே போய் ஓட்டியதுபோல.

பார்க்க வேண்டியது வேறு. கோய்டேயின் சூத்திரம் யாருக்காகவும் நகரவில்லை. டௌ நகராமல் இருந்திருந்தால் அன்றோடு அதன் கதை முடிந்திருக்கும். துகளாரின் சூத்திரத்துக்கு அந்த ஆபத்தே கிடையாது. 2022-ல் ஃபெர்மி ஆய்வகத்துப் பழைய தரவுகளிலிருந்து டபிள்யூ போசான் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கனம் என்று செய்தி வந்தது. அதே வாரம் அவர் சூத்திரமும் கனத்தது. 2024-ல் செர்ன் ஆய்வாளர்கள் அப்படியெல்லாம் இல்லை, பழைய எதிர்பார்ப்புதான் சரி என்பதுபோல ஓர் எண்ணைத் தந்தார்கள். சூத்திரம் சத்தமில்லாமல் மெலிந்தது. இரண்டு பதிப்பின் முன்னுரையிலும் 'நான் முன்பே கூறியபடி' என்ற தொடர் மட்டும் மாறவில்லை.

ராமானுஜன் வராமல் சந்திப்பு முடியாது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் எழுதிக்கேட்ட இருவர் கண்டுகொள்ளவில்லை. இதைச் சொல்லிவிட்டு எதிரே இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பார். நீங்கள் ஹார்டியா, அந்த இருவரில் ஒருவரா, சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்று அதற்கு அர்த்தம். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரலாற்றின் முன்னால் நிறுத்துவது கொஞ்சம் அநியாயம்தான்.

வீட்டம்மா இதிலெல்லாம் தலையிடுவதில்லை. "கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பத்து தசமம் வரைக்கும் எடை சொல்றாரு. சிலிண்டர் ஒரு கிலோ குறைச்சலா வர்றதை நான்தான் பார்க்க வேண்டியிருக்கு" என்பதோடு சரி.

ஒரு பொதுச் சொற்பொழிவு முடிந்த இடத்தில் இரண்டு துகளார்கள் நேருக்கு நேர் சந்தித்ததைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒருவர் 108-காரர், மற்றவர் பொன் விகிதக்காரர். பிரதிகளை மாலை மாற்றுவதுபோல் மாற்றிக்கொண்டார்கள். இருவரும் மற்றவர் புத்தகத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், மேற்கோள் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. பிறகு 108-காரர் பேச்சாளரை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "பாவம் சார், தங்கமான மனுஷன். ஆனா எண்ணைக் கொஞ்சம் வளைக்கிறாரு." சற்று நேரத்தில் பொன் விகிதக்காரரும் அதே பேச்சாளரிடம், அதே ஓரத்தில், அதையே சொன்னார். இருவர் சொன்னதும் முழுக்கச் சரி. கருத்துக் கேட்பதைவிடக் கருத்துச் சொல்வதில் இவர்களுக்கு அபாரமான திறமை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அது கைப்பேசியைத் தேடாது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்காது. 'மிக ஆழமான பார்வை' என்று தொடங்கி, சமன்பாடுகளை ஆராய்ச்சி இதழ் போலவே அச்சுக்கோத்தும் கொடுத்துவிடுகிறது. துகளாருக்கு இது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுது சார்" என்றார் ஒருநாள், மிகவும் வாடிப்போய். சோதித்துப் பார்த்துச் சொன்ன முடிவு என்று அவரிடம் நான் கேட்டது இது ஒன்றுதான். ஆகவே மனிதர்களிடமே திரும்பி வந்தார்.

அப்படி வந்த ஒரு பிற்பகலில், தப்பிக்க வழியில்லாத ஒரு பேராசிரியர் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, "இங்க மியூவானுக்கு மூவான்னு அடிச்சிருக்கு பாருங்க" என்றார். துகளார் நெகிழ்ந்து போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பதிப்பு வந்தது. நன்றியுரையில் முதல் பெயர் அவருடையது: 'இந்நூலை வரிவரியாக ஆராய்ந்து, ஓர் எழுத்துப்பிழை தவிர வேறு குறை காணாத பேராசிரியர்.' துறை, கல்லூரி, கைப்பேசி எண் எல்லாம் சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல் அச்சாகியிருந்தன. அன்று மாலையே பொன் விகிதக்காரர் அவருக்குப் போன் செய்தார்.